கஜலக்சுமி முகட்டில் நின்ற படம்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதத்தை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை, சுவிஸில் எம்மன்புரூக்கே ரயில் நிலையத்துக்குப் பக்கத்துப் பேக்கரியில், தம்பித்துரை அண்ணை எனக்கு ஒரு கோப்பி வாங்கித் தந்தார். நான் கதை எழுதுகிறவள்தானே என்று கேட்டார். ஓம் என்றேன். அப்படியென்றால் தனக்கு ஒன்று எழுதித் தரவேண்டும் என்றார். கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்து, அதன்மேல் உள்ளங்கையையும் வைத்துக்கொண்டார்.

ஆட்கள் எனக்குக் கதை தருவது புதிதல்ல. நான் பேர்ன் நகரத்துப் பூம்ப்ளிஸில் இருக்கிறேன். ஆஸ்பத்திரிகளிலும் பள்ளிக்கூடங்களிலும் எங்கள் ஆட்களுக்கும் டொச் என்கிற ஜேர்மன் மொழிக்கும் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பது தொழில். (அந்த அறைகளில் கேட்டதை நான் எழுதுவதில்லை. இது பேக்கரியில் கேட்டது.) மூன்று மாதத்துக்கொருமுறை தபாலில் வரும் ஒரு சிறு இதழில் எழுதுகிறேன். ஆட்கள் தருவது பெரும்பாலும் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த கதைதான். எந்த ஏஜென்சிக்காரன், எந்த எல்லை, எத்தனை நாள் பட்டினி. அண்ணை தந்தது அதில்லை. பனியைப் படம் எடுப்பது பற்றிய கதை.

தொடங்குவதற்குள் களைத்துவிட்டேன். முதல் தொடக்கம் இது:

'பனி பெய்துகொண்டிருந்தது. யன்னலுக்குள் நின்ற அவருக்கு ஊர்'

அங்கேயே நிறுத்திவிட்டேன். எங்கள் கதைகளில் பனி பெய்தால் ஐந்தாவது வரியில் யாராவது அழுதுவிடுகிறார்கள். இந்தக் கதையில் ஒருவர் அழுகிறார்தான், ஆனால் ஊரை நினைத்து இல்லை.

இரண்டாவது:

'இயற்கை அன்னை வெண்பட்டு உடுத்தி'

இதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

மூன்றாவது: 'கஜலக்சுமிக்கு ஐம்பத்து மூன்று வயது. முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் வேலை. இருபது வருடத்தில் அவர் வேலைக்குப் பிந்தியது ஒன்பது தடவை. ஒன்பதும் பனி கொட்டிய நாட்கள்.'

இது நிற்கட்டும்.

2

கஜலக்சுமி அக்கா தம்பித்துரை அண்ணையின் மனைவி. பதினேழு வருடமாகப் பனியைப் படம் எடுக்கிறார். பனியை மட்டும். மகள் சஜீதாவின் பிறந்தநாளுக்குக்கூட வேறு யாராவதுதான் படம் எடுக்கவேண்டும்.

அது தொடங்கியது சலவைக் கூடத்தின் பின்புறத்தில். குப்பைத் தொட்டிகள், உடைந்த தள்ளுவண்டிகள், ஊழியர்களின் கார்கள் நிற்கும் ஒரு முற்றம். எம்மன்புரூக்கேயிலேயே அதைவிட அவலட்சணமான இடம் இல்லை என்று அக்கா சொல்வார். ஒருநாள் காலை வேலைக்குப் போனபோது அந்த முற்றம் இல்லை. முழங்கால் உயரத்துக்குப் பனி. தொட்டியும் வண்டியும் காரும் ஒரே வெள்ளைக்குள் வெறும் மேடுகளாகிக் கிடந்தன. விழுந்து கிடந்த ஒரு சைக்கிளின் கைபிடி மட்டும் வெளியே தெரிந்தது. மகளின் சின்னக் கமரா தற்செயலாகக் கைப்பையில் கிடந்தது.

"வடிவில்லாத இடம் எண்டு ஒண்டு இல்லாமப் போச்சு, தக்ஷிகா" என்று எனக்கு ஒருமுறை சொன்னார். (தக்ஷிகா நான். வடிவு என்றால் எங்கள் பேச்சில் அழகு.) "அந்தக் கைபிடியை நான் தினமும் பாக்கிறனான். அண்டைக்குத்தான் கண்டனான்."

ஆனால் எடுத்த படத்தில் பனி சாம்பல் நிறமாக இருந்தது. அவருக்கு அது பெரிய மர்மம். ஒரு வருடம் கழித்துத்தான் காரணம் பிடிபட்டது. கமரா எதைப் பார்த்தாலும் வெளிச்சமும் இருளும் பாதிப் பாதி என்று நினைத்துக் கணக்குப் போடுகிறது. எங்கும் வெள்ளையாக இருந்தால், வெளிச்சம் கூடிவிட்டது என்று தானே மங்கவைத்துவிடுகிறது. ஆகவே பனியை எடுக்கும்போது, வேண்டுமென்றே வெளிச்சத்தைக் கூட்டச் சொல்லி அதற்குக் கட்டளை கொடுக்கவேண்டும். "உலகத்திலை இவ்வளவு வெள்ளை இருக்குமெண்டு அது நம்புதில்லை. நாங்கள்தான் நம்பப் பண்ணோணும்" என்பார் அக்கா.

அவர் சொல்லித்தான் நானும் கவனித்தேன். பனியின் நிழல் கறுப்பு இல்லை, நீலம். விழுந்து அரை மணி நேரமான பனிக்கும் மூன்று மணி நேரமான பனிக்கும் வேறு வேறு வெளிச்சம். குளிரில் பற்றறி சீக்கிரம் செத்துவிடும், உடம்புச் சூட்டில் வைத்திருக்கவேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், ஒரு காலடி போதும், படம் போய்விடும். அந்த இடத்தை அப்படியே பார்க்க ஒரு தடவைதான் கிடைக்கும்.

பதினேழு வருடத்தில் பல்லாயிரம் படங்கள். நூலகத்தில் மூன்று முறை மாட்டியிருக்கிறார்கள். "இன்னும் அந்தப் படம் வரேல்லை" என்று ஒவ்வொரு குளிர்கால முடிவிலும் சொல்வார். எந்தப் படம் என்று கேட்டால் தெரியாது. வந்தால் தெரியுமாம்.

3

தம்பித்துரை அண்ணைக்குப் பனி என்றால் பாரம்.

இருபத்து நான்கு வருடம் நகரசபையில் பனி வழிக்கும் வண்டி ஓட்டினார். விடிவதற்குமுன் எழுந்து, உப்புத் தூவி, தெருக்களை வழித்து, பஸ் நிறுத்தங்களைக் கையால் வாரி, கூரை விளிம்புகளில் தொங்கும் பனியை நீளத் தடியால் தட்டி விழுத்துவது வேலை. காய்ந்த பனி, ஈரப் பனி, மேலே உறைந்து உள்ளே இளகிய பனி என்று பனி வாரும் சவளை ஊன்றும் சத்தத்திலேயே சொல்லிவிடுவார். நவம்பரிலிருந்து மார்ச் வரை எந்த வார இறுதியும் அவருடையதல்ல. கூப்பிட்டால் போகவேண்டும். ஆகவே மனைவி பனி தேடி மலைகளுக்குப் போனபோதெல்லாம் தனியாகத்தான் போனார்.

(இங்கே எனக்கு ஒரு சந்தேகம். ஒருவர் பனியைச் சேர்க்கிறார், மற்றவர் பனியை அழிக்கிறார் என்று எதிரெதிரே நிறுத்துவது கதைக்கு வசதி. என் இரண்டாவது வரைவில் அப்படித்தான் இருந்தது. ஒருமுறை அவருடைய வண்டி அக்காவின் காட்சியை வழித்துக்கொண்டு போக, அக்கா இரண்டு நாள் பேசாமல் இருந்த சம்பவத்தைப் பெரிதாக எழுதியிருந்தேன். நடந்ததுதான். ஆனால் அதற்குப் பிறகு எந்தத் தெரு இன்னும் கலையாமல் கிடக்கிறது என்று வண்டியிலிருந்து தொலைபேசியில் சொல்லத் தொடங்கியவரும் அவர்தான். சில தெருக்களைக் கடைசிக்கு விட்டு வழித்திருக்கிறார். இதை நகரசபைக்குச் சொல்லவேண்டாம்.)

ஒன்று மட்டும் உண்மை. அவர் ஒரு படமும் எடுத்ததில்லை. மனைவி எடுத்த படங்களைக் காட்டினால் 'ஈரப் பனி, நல்ல பாரம்' என்பார்.

போன இலையுதிர்காலத்தில் அவருக்குத் தோளில் சத்திரசிகிச்சை நடந்தது. வண்டியிலிருந்து இறக்கி, சபையின் களஞ்சியத்துக்கு மாற்றினார்கள். இருபத்து நான்கு வருடத்தில் முதல் தடவையாக ஜனவரியில் அவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது. அக்கா மலைக்குக் கூப்பிட்டார். பற்றறிகளைச் சட்டைக்குள் வைத்துச் சூடாக்க ஒரு ஆள் வேண்டுமாம்.

4

மலையின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் உங்களில் நாலு பேர் அடுத்த ஞாயிறு கமராவுடன் அங்கே நிற்பீர்கள்.

அந்த நேரம் பதினொரு நாளாகக் கீழே எல்லாம் மூடுபனி. சூரிச்சிலிருந்து பேர்ன் வரை ஈயத் தகடு போட்டு மூடியதுபோல. கேபிள் காரில் ஏறியபோது இருபது பேர் இருந்தார்களாம். கண்ணாடிகள் வெளுத்தன. கம்பமும் தெரியவில்லை, கயிறும் தெரியவில்லை. தாங்கள் மேலே போகிறோமா நிற்கிறோமா என்றே தெரியாமல் நாலு நிமிடம். பிறகு பெட்டி மூடுபனியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது.

இந்த இடத்தை ஆறு தடவை எழுதி ஆறு தடவையும் அழித்தேன். 'வெளிச்சம்' என்று எழுதினால் போதவில்லை. அண்ணை சொன்னதை அப்படியே தருகிறேன். ஒவ்வொரு வாரமும் ஏறுகிறவர்போலத் தெரிந்த ஒரு சுவிஸ் கிழவர், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாராம். கீழே மூடுபனி கடலாகக் கிடந்தது. அதிலிருந்து மலைகள் தீவுகள்போல வெளியே நின்றன. மேலே ஒரு மேகம் இல்லை. இரவு விழுந்த புதுப் பனி, கண் எட்டும் தூரம் வரை ஒரு காலடி இல்லாமல்.

"இருபத்து நாலு வருஷம் இதுக்குக் கீழை நிண்டோ வழிச்சனான் எண்டு நினைச்சன்" என்றார்.

முகட்டின் ஓரமாக ஒரு நடைபாதை. குளிர்காலத்தில் பாதை தெரிவதற்காக இளஞ்சிவப்புத் தடிகள் ஊன்றியிருந்தார்கள். அக்கா அண்ணையை முன்னால் போகச் சொன்னார், அவர் படத்துக்குள் வராமல். அவர் வளைவு வரை போனார். அக்கா மூடுபனிக் கடலை இன்னும் கிட்டப் பார்க்க ஆசைப்பட்டு, தடிகளை விட்டு இடதுபக்கமாக இருபது இருபத்தைந்து அடி நடந்தார். தரை சமமாக இருந்தது. உறுதியாகவும் இருந்தது.

அது தரையில்லை. காற்று, பனியை முகட்டைத் தாண்டித் தள்ளித் தள்ளி, வெறும் காற்றின்மேல் ஒரு கூரை கட்டிவிடும். மேலே நிற்கிறவருக்கு அது மலையின் தொடர்ச்சிதான். பக்கத்திலிருந்து பார்க்கிறவருக்குத்தான் அடியில் ஒன்றுமில்லை என்று தெரியும்.

அண்ணை வளைவில் நின்று திரும்பிப் பார்த்தார். பக்கத்திலிருந்து.

5

இதற்குப் பிறகு நடந்ததை முதலில் அக்கா வாயால் கேட்டேன். எம்மன்புரூக்கே மண்டபத்தில் பொங்கல் விழா, மலையில் நடந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. எங்கள் இதழுக்கு ஒரு மேசை போட்டிருந்தேன். அக்கா பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுச் சொன்னார். சுற்றி ஏழெட்டுப் பேர்.

அவர் கமராவில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றபோது, வளைவிலிருந்து அண்ணையின் குரல் வந்ததாம். சாப்பிடக் கூப்பிடும் குரல். அவசரமே இல்லை.

"இஞ்சருமப்பா, நடந்து வந்த அடியிலையே கால் வைச்சுத் திரும்பி வாரும்."

"பொறுங்கோ, ஒரு படம்" என்றார் அக்கா, திரும்பாமலே.

"படம் நான் எடுத்திட்டன். வாரும்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கமராவை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாத மனிதர் படம் எடுத்துவிட்டாராம். சிரித்துக்கொண்டே, தன் காலடிகளிலேயே கால் வைத்துத் திரும்பி வந்தார். வந்து, எங்கே நீங்கள் எடுத்த படம் என்று கேட்டார். சும்மா சொன்னதாக அண்ணை சொன்னார். முகம் வெளிறியிருந்தது. குளிர் என்று அக்கா நினைத்தார். பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அந்தக் கோப்பை காலியாகுமுன் முகடு உடைந்தது.

பெரிய சத்தமில்லையாம். மெத்தையின்மேல் ஒரு அலுமாரியைப் போட்டதுபோல ஒரு அமுங்கல். பிறகு வெகுநேரம் பனித்தூள் எழும்பி வெயிலில் மினுங்கிக்கொண்டு நின்றது. அது அடங்கியபோது அக்காவின் காலடிகள் பாதியில் வெட்டப்பட்டிருந்தன. கடைசி ஏழு அடிகள் இல்லை. அக்கா பனியில் உட்கார்ந்து கணவனின் முழங்காலைக் கட்டிப்பிடித்து அழுதார்.

"ஒரு பொய்தான் என்னைக் காப்பாத்தினது" என்று மண்டபத்தில் முடித்தார். எல்லோரும் அண்ணையைப் பார்த்தார்கள். ஒருவர் எழுந்து வந்து கை கொடுத்தார். அண்ணை பொங்கல் புக்கைத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். நல்ல சம்பவம், ஆனால் கதையாகாது, முடிந்துவிட்டது என்றும் நினைத்தேன்.

6

பேக்கரியில் அண்ணை கைபேசியின்மேல் வைத்த கையை எடுக்காமலே சொன்னார்.

"நான் பொய் சொல்லேல்லைத் தங்கச்சி. படம் எடுத்தனான்."

எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது.

வளைவில் திரும்பியதும் அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. எத்தனையோ கூரை விளிம்புகளைத் தட்டி விழுத்தியவர். எது நிற்கும், எது வரும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. கூப்பிடவேண்டும் என்று தெரியும். கத்தக்கூடாது என்றும் தெரியும். அக்கா திடுக்கிட்டு ஒரு அடி முன்னால் வைத்தால் போதும். ஆனால் வாயிலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை.

"பயத்திலை வாய் அடைச்சுப் போச்சோ" என்று கேட்டேன். அவருக்கு ஒரு வழி திறந்துவிடத்தான் கேட்டேன்.

அவர் அந்த வழியால் போகவில்லை. "இல்லை. பயத்திலை இல்லை. வடிவிலை."

பிறகு சொன்னார்: "அப்பிடி ஒண்டை நான் கண்டதேயில்லை. அவ எதுக்கு மேலை நிக்கிறா எண்டு தெரியும். தெரிஞ்சும் பாத்துக்கொண்டு நிண்டன். கை தன்ரை பாட்டுக்குக் கையுறையைக் கழட்டி, போனை எடுத்து, படம் எடுத்துப்போட்டுது. அதுக்குப் பிறகுதான் கூப்பிட்டனான்."

எவ்வளவு நேரம் என்று கேட்டேன். ஒரு மூச்சாக இருக்கலாம், பத்து மூச்சாக இருக்கலாம் என்றார். அவருடைய படத்தில் நேரம் பதிந்திருக்கும். 'பொறுங்கோ' என்று அக்கா எடுத்த கடைசிப் படத்திலும் பதிந்திருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால், படம் எடுத்ததற்கும் கூப்பிட்டதற்கும் நடுவில் எத்தனை வினாடி என்றாவது தெரிந்துவிடும்.

அழித்துவிட்டால் என்ன என்று கேட்டேன். என் தொழிலில் பழகிய குரலில், மெதுவாக.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அவ பதினேழு வருஷமாத் தேடின படம் இதுதான். எனக்குப் படம் தெரியாது, ஆனா இது தெரியும். அதை நான் எப்பிடி அழிக்கிறது?"

அவரே காட்டிவிடலாமே.

"நான் காட்டினால் அவ என்ரை முகத்தைத்தான் பாப்பா. படத்தைப் பாக்கமாட்டா. நீர் எழுதினால் முதல்லை படத்தைக் காண்பா. உம்மடை எழுத்தை அவ ஒரு வரி விடாமல் வாசிக்கிறவ."

பெயர்களை மாற்றட்டுமா என்றேன். வேண்டாம் என்றார். மாற்றினால் அக்கா வேறு யாரோ என்று நினைத்துவிடுவாராம்.

7

முடிவுகளைப் பற்றிச் சொல்லவேண்டும். மூன்று எழுதிப் பார்த்தேன்.

அ. கஜலக்சுமி படத்தைப் பார்க்கிறார். கணவனைப் பார்க்கிறார். 'என்னை நிக்கவிட்டோ படம் எடுத்தனீங்கள்' என்று கேட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிறார். (நியாயமான முடிவு. ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால் அவர் என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை.)

ஆ. கஜலக்சுமி படத்தைப் பார்த்துவிட்டு, 'நானெண்டாலும் இதைத்தான் செய்திருப்பன்' என்கிறார். இருவரும் (இது பொய். இப்படிச் சொல்லி அவரை மன்னிக்க வைப்பது எனக்குச் சுகம், அவ்வளவுதான். அடித்துவிட்டேன்.)

இ. நான் எழுதாமல் விடுகிறேன். அண்ணை கோப்பிக் கோப்பையைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, கைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, பனி கரைந்த தெருவில்

இல்லை. அவர் கேட்டது ஒரு முடிவை இல்லை. படத்தை எழுதச் சொல்லிக் கேட்டார். பேக்கரியில் அவர் கடைசியாகக் கைபேசியைத் திருப்பினார். அங்கே நான் கண்டதைச் சொல்கிறேன். கஜா அக்கா, இது உங்களுக்கு.

படத்தில் முக்கால்வாசி நீலம். இடதிலிருந்து ஒரு வெள்ளைக் கோடு ஏறி வருகிறது, மலையின் முகடு. நடுவில் அந்தக் கோடு மலையை விட்டுவிடுகிறது. விட்டுவிட்டு, தானாகவே வெளியே நீண்டு, நுனியில் மெதுவாகக் கீழ்நோக்கிச் சுருள்கிறது. அதன் அடிவயிறு தெரிகிறது. அடுக்கடுக்காகப் பனி, ஒவ்வொரு அடுக்கும் ஒரு காற்றடித்த நாள். சூரியன் உங்களுக்குப் பின்னால் இருக்கிறது அக்கா, ஆகவே வெயில் பனிக்குள்ளால் வருகிறது. உள்ளே விளக்கு வைத்ததுபோல அந்தக் கூரை முழுவதும் எரிகிறது. விளிம்பில் வெள்ளை, உள்ளே போகப் போகப் பச்சை கலந்த நீலம், மலையோடு சேரும் இடத்தில் நான் பெயர் அறியாத ஒரு நீலம். கீழே, வெகு கீழே, மூடுபனிக் கடல். அதன்மேல் அந்தக் கூரையின் நிழல். அந்த நிழலின் நுனியில் ஒரு சின்னப் புள்ளி, நீங்கள்.

மேலே நீங்கள் நிற்கிறீர்கள். சிவப்பு ஜக்கெற். படத்தில் வேறு சிவப்பே இல்லை. கமராவுக்குள் குனிந்திருக்கிறீர்கள், கழுத்துத் துண்டு காற்றில் பின்னால் பறக்கிறது. உங்களுக்குக் கீழே உள்ள பனி இரண்டு முழம்கூட இருக்காது. அதற்குள்ளால் உங்கள் கால்களின் நிழல் தெரிகிறது. வெளிச்சத்தின்மேல் நிற்கிறீர்கள்.

கைபேசி அந்த வெள்ளையை மங்கவைக்கவில்லை. எப்படி என்று தெரியாது.

இதையும் சொல்லிவிடுகிறேன். பார்த்த உடனே நான் என் வாய்க்குள் சொன்னது 'எவ்வளவு வடிவு' என்பதுதான். நீங்கள் விழப்போகிறீர்கள் என்பது அதற்குப் பிறகுதான் வந்தது. எனக்குக் கதை முழுவதும் முன்னமே தெரியும், நீங்கள் உயிரோடு பொங்கல் சாப்பிட்டதையும் கண்டவள். ஆகவே என்னால் எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் அண்ணையைக் குற்றம் சொல்ல வைத்திருந்த வசனத்தை அடித்துவிட்டேன்.

8

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கதைக்கு முடிவு எழுத எனக்கு உரிமையில்லை. இதழ் வெள்ளிக்கிழமை தபாலில் வரும். உங்களுக்கும் அன்றுதான் வரும், அவர்களுக்கும் அன்றுதான். நீங்கள் உங்களுக்குப் பிடித்த முடிவை வைத்துக்கொள்ளலாம். எனக்கு எழுதி அனுப்பவேண்டாம்.

அச்சுக்குப் போகுமுன் அண்ணைக்கு முழுவதையும் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். ஏழாவது பகுதியில், நிழலின் நுனியில் உள்ள புள்ளி வந்தபோது, அதைத் தான் கவனிக்கவில்லை என்றார். பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "ஓம். நிக்கிறா" என்றார். ஒரு சொல்லும் மாற்றச் சொல்லவில்லை. தன்னை நல்லவனாகக் காட்டும் இடம் ஏதாவது இருந்தால் மட்டும் எடுத்துவிடச் சொன்னார். தேடினேன். தெருக்களைக் கடைசிக்கு விட்டு வழித்ததை எடுக்கலாமா என்று யோசித்து, விட்டுவிட்டேன்.

தொலைபேசியை வைக்குமுன், அந்த வெள்ளிக்கிழமை எங்கே இருப்பார் என்று கேட்டேன். வேலைக்குப் போய்விடுவார், அக்கா தனியாக வாசிக்கட்டும் என்று நினைப்பார் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"லீவு போட்டிட்டன்" என்றார்.

கஜா அக்கா, நீங்கள் இந்த வரி வரை வந்துவிட்டீர்களென்றால், அவர் அடுப்படியில்தான் இருப்பார்.